பாட்டியின் களித் துடுப்பு வெடித்துவிட்டது: மரக் கருவிகளை எப்படிக் கழுவிக் காய வைக்கிறீர்கள்?

பாலக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து புழங்கிவரும் களித் துடுப்பு சென்ற வாரம் வெடித்துவிட்டது. இரண்டடிக்குச் சற்றுக் குறைவான நீளம். பிடி உருட்டாகவும் அடி தட்டையாகவும் செதுக்கிய ஒரே மரம். ஐம்பது வருடம் கிண்டிக் கிண்டி, பிடியில் கட்டைவிரல் பதியும் இடம் மட்டும் குழிந்து, புளியங்கொட்டை போலப் பளபளக்கும். நான் பிடித்தால் என் விரலும் அதே குழியில்தான் போய் உட்காரும்.

தவறு என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை களி கிண்டிய பிறகு, ஒட்டிக் காய்ந்திருந்த மாவு ஊறட்டும் என்று சோப்புத் தண்ணீர் வாளியில் இரவு முழுக்கப் போட்டுவிட்டேன். காலையில் எடுத்தபோது மேலெல்லாம் நார் எழும்பிச் சொரசொரவென்று இருந்தது. சீக்கிரம் காயட்டும் என்று மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்தேன். மாலையில் பார்த்தால், தட்டைப் பகுதியின் நுனியிலிருந்து மேல்நோக்கி மூன்று விரற்கடை அளவுக்கு வெடித்திருக்கிறது. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

இதைச் சரிசெய்ய முடியுமா? மற்ற மரக் கரண்டிகளில் அங்கங்கே கறுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன; அவற்றை என்ன செய்வது? எண்ணெய் தடவ வேண்டும் என்கிறார்கள், எந்த எண்ணெய்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தருமபுரி நகரம்

வெடிப்பில் மரப்பசையை விட்டு, நூலால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டு நாற்காலிக் காலை அப்படித்தான் ஒட்டினோம்.

காரிமங்கலம், தச்சுப் பட்டறை

நாற்காலிக்குச் சரி, துடுப்புக்குச் சரியில்லை. களி கிண்டும்போது துடுப்பு கொதிக்கும் மாவுக்குள் நிற்கிறது. தச்சுப் பட்டறையில் நாங்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசை அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் இளகிவிடும். சூட்டைத் தாங்கும் பசைகளும் உண்டு, ஆனால் உணவில் படலாம் என்று தயாரித்தவரே எழுதித் தராத எதையும் நான் சமையல் கருவியில் போடுவதில்லை. மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பதும் வேண்டாம். அது கொஞ்ச நாளில் உதிர்ந்து களியில்தான் விழும்.

ஏன் வெடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது புரிந்தால் மற்றக் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும். மரம் வெட்டி எத்தனை வருடம் ஆனாலும், ஈரம் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. குறுக்குவாக்கில்தான் ஊதலும் சுருங்கலும். இரவு முழுக்க ஊறியதில் துடுப்பின் உள்வரைக்கும் தண்ணீர் போய்விட்டது. வெயிலில் வைத்தவுடன் மேல்தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மரம் இன்னும் ஊதியபடியே நிற்கிறது. இறுகுகிற தோலுக்கு இடம் போதாமல் அது கிழிகிறது. அந்தக் கிழிசல் பெரும்பாலும் நுனியில்தான் தொடங்கும், ஏனென்றால் நாரின் வெட்டுவாய் திறந்திருக்கும் முனையில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகம். ஊறப் போட்டது ஒரு தவறு, வெயிலில் வைத்தது இன்னொரு தவறு. இரண்டும் அடுத்தடுத்து வந்ததால்தான் ஒரே நாளில் வெடித்தது.

ஒரு படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பென்னாகரம்

மகளே, முதலில் மனதைத் தேற்றிக்கொள். ஐம்பது வருடம் உழைத்த துடுப்பு இது.

ஒட்டிய மாவை எடுக்க இரவு முழுக்க ஊற வேண்டியதே இல்லை. நாங்கள் களியை உருண்டை பிடித்து எடுத்தவுடன், சட்டி சூடாக இருக்கும்போதே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, துடுப்பை அந்தத் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றி, சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் அதிலேயே நிறுத்தி வைப்போம். கால்மணி நேரத்தில் மாவு தோல் போல உரிந்து வந்துவிடும். மிச்சத்தைக் கொட்டாங்குச்சியின் விளிம்பால் ஒரு வழி வழித்து, தேங்காய் நாரால், மரத்தின் நார் ஓடும் திசையிலேயே தேய்த்துக் கழுவினால் முடிந்தது. குறுக்கே தேய்த்தால் சிராய் எழும்பும். இரும்பு நாரைத் துடுப்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மாமியார் துடுப்புக்கு எண்ணெய் தடவி நான் பார்த்ததே இல்லை. கழுவி உதறி, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த மூங்கில் கழியில் செருகி வைப்பார். கவைக்கோல், அகப்பை, மத்து எல்லாம் அதே கழியில்தான். கீழே விறகடுப்பு காலையும் மாலையும் எரியும். மெல்லிய சூடும் புகையும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு துடுப்பிலும் பூஞ்சணம் பூத்ததில்லை, உளு விழுந்ததில்லை. 2006-க்குப் பிறகு அரசு தந்த எரிவாயு அடுப்பு எங்கள் வீட்டுக்கும் வந்தது. புகை போனது கண்ணுக்கு நல்லது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்தக் கழியையும் அன்றே கழற்றிவிட்டோம். அகப்பை எல்லாம் பிளாஸ்டிக் கூடைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த மழைக்காலத்திலேயே மத்தின் பற்களுக்கு நடுவில் பச்சையாகப் பூத்திருந்ததைப் பார்த்தேன்.

ஓசூர், அடுக்குமாடிக் குடியிருப்பு

அம்மா சொன்ன பிளாஸ்டிக் கூடைதான் எங்கள் வீட்டிலும் பிரச்சினை. கரண்டிகளை ஒரு குவளையில் தலை மேலாகச் செருகி வைத்திருந்தேன். அது சரியான முறை என்றே நினைத்தேன். கழுவிய தண்ணீர் பிடிவழியே இறங்கி, குவளையின் அடியில் அரை விரல் உயரத்துக்குத் தேங்கியிருப்பது மாதக்கணக்கில் என் கண்ணில் படவில்லை. பிடிகளின் அடி முனைகள் கறுத்து, மெதுவாகிப் போயிருந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. நான்கு கரண்டிகளைத் தூக்கி எறிந்தேன்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாமா என்று கேட்க வந்தேன். காரிமங்கலம் அண்ணன் எழுதியதைப் படித்ததும் விடை கிடைத்துவிட்டது. அதுவும் சூடான தண்ணீர், பிறகு சூடான காற்று. பாலக்கோட்டில் இரவும் பகலுமாக நடந்தது இங்கே இரண்டு மணி நேரத்தில் நடக்கும்.

கிருஷ்ணகிரி, வேதியியல் ஆசிரியர்

கறுப்புப் புள்ளிகளைப் பற்றி எழுதுகிறேன். எல்லாக் கறுப்பும் பூஞ்சணம் இல்லை என்பதைப் பலர் அறியாமல் நல்ல கரண்டிகளைக் குப்பையில் போடுகிறார்கள்.

பல மரங்களில் துவர்ப்புச் சத்தாகிய டானின் இருக்கிறது. ஈரமான மரம் இரும்பைத் தொட்டபடி கிடந்தால், இரும்பு அந்த டானினுடன் சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாக மாறும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்து மை காய்ச்சினார்களே, அதே வினைதான் உங்கள் கரண்டியில் நடக்கிறது. இரும்பு வடைச்சட்டியில் புளிக்குழம்பு கொதிக்கும்போது மரக் கரண்டியை உள்ளேயே விட்டுவைத்தால், புளியின் அமிலம் இரும்பைக் கரைத்துத் தருவதால் கறுப்பு இன்னும் வேகமாக ஏறும். ஊத்தங்கரை, பாலக்கோடு பக்கத்து வீடுகளில் புளிக்குப் பஞ்சமில்லை. அங்கே இது தினமும் நடக்கும்.

எது எது என்று பிரித்தறிய எளிய வழி உண்டு. கறுத்த இடத்தில் பாதி எலுமிச்சையை வைத்துச் சிறிது உப்புடன் தேய்த்து, ஐந்து நிமிடம் விடுங்கள். இரும்புக் கறையாக இருந்தால் கண்ணெதிரே வெளுக்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் போதும், உடம்புக்குக் கெடுதல் ஏதும் இல்லை. பூஞ்சணமாக இருந்தால் நிறம் அப்படியே நிற்கும், மழையில் நனைந்த சாக்கு போல மக்கல் வாடையும் வரும். பூஞ்சணம் மேலோடு இருந்தால் 120-ஆம் எண் உப்புத்தாளால் நல்ல மரம் தெரியும் வரை தேய்த்து, கழுவிக் காய வைத்து, 220-ஆம் எண் தாளால் மழமழப்பாக்கலாம். ஓசூர் நண்பரின் கரண்டிகளைப் போல அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்குப் போய்விட்டால் தேய்த்துப் பயனில்லை. மரமே உளுத்துவிட்டது என்று பொருள். அதை எறிந்ததுதான் சரி.

ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் மரத்தின் மேல் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. புளித்தண்ணீரோ வினிகரோ தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

அரூர்

எண்ணெய் பற்றி ஒருவரும் இன்னும் எழுதவில்லையே. நாங்கள் நல்லெண்ணெய்தான் தடவுகிறோம். எங்கள் பூரிக்கட்டையும் பலகையும் நாற்பது வருடமாக அப்படியே இருக்கின்றன.

கிருஷ்ணகிரி, வேதியியல் ஆசிரியர்

உங்கள் பலகை நன்றாக இருப்பதை நம்புகிறேன். பூரிக்கட்டை அடிக்கடி புழங்குகிறது, மாவு அதன் மேல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரும் அதிகம் படுவதில்லை. எடுக்காமல் மாதக்கணக்கில் கிடக்கும் கருவியில் அதே நல்லெண்ணெயைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்துச் சிக்கு வாடை வரும்.

எண்ணெய்களில் மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மரத்துக்குள்ளேயே இறுகிப் படலமாகும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் போன்றவை ஆக்சிஜனோடு சேரும், ஆனால் நன்றாக இறுகாமல் நடுவழியில் நின்று பிசுக்காகிவிடும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இறுகவும் செய்யாது, எளிதில் சிக்கும் பிடிக்காது. மார்கழியில் ஓசூர்ப் பக்கம் அது புட்டியிலேயே உறைந்து நிற்கும், அவ்வளவுதான். கையில் வைத்துச் சூடு காட்டித் தடவிக்கொள்ளலாம். வீட்டுக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்பது என் முடிவு. வாசமே வேண்டாம் என்பவர்கள் மருந்துக் கடையில் மலச்சிக்கலுக்காக விற்கும் திரவ பாரஃபினை வாங்கலாம்; அது கெட்டுப்போகாத எண்ணெய். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகை எடைபோட்டு, கொதிநீர்ச் சட்டிக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கிக் கலந்தால் நல்ல மெருகு கிடைக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடுவதால், கொதிக்கும் களிக்குள் நிற்கும் துடுப்புக்கு அது தாங்காது. பலகைக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளிவிதை எண்ணெயை நாடுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பெயின்ட் கடையில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். அது கதவுக்கு, கரண்டிக்கு அன்று. அடுத்தது, அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது வெளிவரும் சூடு துணிச் சுருளுக்குள் தேங்கி, யாரும் தீ வைக்காமலே பற்றிக்கொள்ளும். துணியை விரித்துக் கொடியில் காயப் போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்துவிட வேண்டும்.

காரிமங்கலம், தச்சுப் பட்டறை

ஆசிரியர் சொன்ன துணி விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் தொழிலில் அது எல்லோரும் அஞ்சுகிற ஒன்று.

எண்ணெய் ஈரத்தைத் தடுத்துவிடும் என்று நினைத்து, முழுதாகக் காயாத மரத்தில் தடவுகிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறத் தாமதமாகி, பூஞ்சணம் இன்னும் வசதியாகக் குடியேறும். கழுவிய பிறகு குறைந்தது ஒரு முழு நாள் நிழலில் ஆறிய மரத்தில்தான் எண்ணெய் தடவ வேண்டும். கால்மணி நேரம் கழித்து, உறிஞ்சாமல் நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். பென்னாகரத்து அம்மா எழுதியதைத்தான் நானும் சொல்வேன். எண்ணெய் இல்லாமல் மரம் பிழைக்கும், காற்று இல்லாமல் பிழைக்காது.

ஊத்தங்கரை

மோர் கடையும் மத்துக்கு ஒரு குறிப்பு. கடைந்தவுடன் வெந்நீரில் போடாதீர்கள். பாலின் புரதம் வெந்து பற்களின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும், புளித்த வாடை அங்கிருந்துதான் வரும். முதலில் பச்சைத் தண்ணீர், நார்த் தூரிகை. வெந்நீர் அதற்குப் பிறகு.

என் ஐயம் வேறு. நாட்டுக்கோழி வெட்டும் பலகை மரத்தில் இருக்கலாமா? என் மருமகள் பிளாஸ்டிக் பலகைதான் சுத்தம் என்கிறாள்.

கிருஷ்ணகிரி, வேதியியல் ஆசிரியர்

மருமகளின் அக்கறை நியாயமானது, ஆனால் ஆய்வு வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் டீன் கிளைவர் என்ற உணவு நுண்ணுயிரியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மரப்பலகையில் விட்ட பாக்டீரியாக்களை மரம் உள்ளே உறிஞ்சிக்கொண்டதையும், சற்று நேரம் கழித்து மேற்பரப்பிலிருந்து அவற்றைத் திரும்ப எடுப்பது கடினமாக இருந்ததையும் கண்டார்கள். கத்திக் கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பலகையைக் கையால் கழுவித் தூய்மையாக்குவதுதான் சிரமமாக இருந்தது. இதனால் மரத்தைக் கழுவவே வேண்டாம் என்று ஆகிவிடாது. கோழிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை என்று பிரித்துவிடுங்கள். கோழி வெட்டியவுடன் சூடான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத பிளீச் கலந்த நீரைச் சில நிமிடம் பலகையில் நிற்க விட்டு, அலசி, சுவரில் சாய்க்காமல் இரண்டு பக்கமும் காற்றுப்படச் செங்குத்தாக நிறுத்துங்கள். வினிகரும் எலுமிச்சையும் வாடையை எடுக்கும். கிருமி நீக்கத்துக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

தேன்கனிக்கோட்டை

புதிதாக வாங்குகிறவர்கள் மரத்தைப் பார்த்து வாங்குங்கள். புளியிலோ வேம்பிலோ வைரம் பாய்ந்த நடுப் பகுதியில் செதுக்கியது கைக்குக் கனமாக, கறுத்த நிறத்தில் இருக்கும். பட்டையை ஒட்டிய வெளிறுப் பகுதி வெளுத்து லேசாக இருக்கும். வெளிறில் மாவுச்சத்து இருப்பதால் உளுவண்டு அதைத்தான் துளைக்கும். தட்டினால் குண்டூசி அளவு ஓட்டைகளிலிருந்து டால்கம் பவுடர் போல மாவு உதிரும். அப்படிப்பட்ட கரண்டிக்குப் பூச்சிமருந்து அடிக்கவே கூடாது. நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் புழு செத்துவிடும்.

காட்டோரம் கிடைக்கும் கட்டையில் நாமே செதுக்கிக்கொள்ளலாம் என்ற ஆசை இங்கே பலருக்கு உண்டு. எட்டியும் அரளியும் உடம்பெல்லாம் நஞ்சு. பெயர் உறுதியாகத் தெரியாத மரத்தை அடுப்பங்கரைக்குக் கொண்டுவர வேண்டாம். கடையில் கண்ணாடி போல மின்னும் கரண்டிகளையும் நான் தவிர்க்கிறேன். அந்த மினுக்கம் வார்னிஷ். சூட்டில் உரிந்து குழம்பில் சேரும். வேப்பங்கரண்டியில் முதலில் சிறிது கசப்பு இறங்கும். உப்புத் தண்ணீரில் சில தடவை கழுவிப் புழங்கினால் குறைந்துவிடும்.

பாலக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

படம் போட்டிருக்கிறேன். காரிமங்கலம் அண்ணா, பார்த்துச் சொல்லுங்கள்.

காரிமங்கலம், தச்சுப் பட்டறை

பார்த்தேன். வெடிப்பு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஊடுருவியிருக்கிறது. அதற்குள் மாவு புகுந்தால் எந்த நாராலும் எடுக்க முடியாது, அங்கேயே புளிக்கும். வெடிப்பு முடியும் இடத்துக்கு ஒரு விரல் மேலே வரை நுனியை அறுத்துவிட்டு, அரத்தால் விளிம்பை உருட்டி, உப்புத்தாள் போட வேண்டும். தண்ணீர் தொட்டுத் துடைத்தால் நார் மறுபடி எழும்பும். காய்ந்த பிறகு இன்னொரு முறை தேய்த்தால் அப்புறம் எழும்பாது. நீளம் நான்கு விரல் குறையும். உங்களுக்கு அது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பிடியைத் தொட வேண்டியதில்லை. இப்போதே அறுக்க வேண்டாம். இரண்டு வாரம் வீட்டுக்குள் நிழலில் கிடக்கட்டும். உள்ஈரம் முழுதும் போன பிறகுதான் வெடிப்பு எங்கே நிற்கிறது என்று உறுதியாகத் தெரியும்.

பாலக்கோடு (இழையைத் தொடங்கியவர்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். நிழலில் கிடந்ததில் வெடிப்பின் வாய் பாதியாகச் சுருங்கிவிட்டது; மூடிக்கொள்ளுமோ என்று ஆசைப்பட்டேன், மூடவில்லை. எங்கள் தெருவில் இருக்கும் ஆசாரியிடம் கொடுத்து நுனியை அறுத்து வாங்கினேன். அறுத்த முகத்தில் மரம் கருநாவல் நிறத்தில் இருந்தது. புளிய வைரம் என்றார். விளிம்பில் வெள்ளையாக ஒரு நூலளவு வெளிறு. வெடிப்பு ஓடியிருந்தது அதை ஒட்டித்தான். அறுத்த துண்டை நான் எறியவில்லை, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

நுனிக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை மூன்று நாள் விட்டு விட்டுத் தடவினேன். முதல் நாள் அப்படியே குடித்துவிட்டது, மூன்றாம் நாள் மேலேயே நின்றது, துடைத்துவிட்டேன். மற்றக் கரண்டிகளில் நான்கில் மூன்றுக்கு எலுமிச்சையிலேயே கறுப்பு வெளுத்துவிட்டது, அவை இரும்புக் கறைகள்தாம். நான்காவதை உப்புத்தாள் போட்டு மீட்டேன்.

சமையலறை ஜன்னலின் இரு கம்பிகளுக்கு இடையே ஒரு மூங்கில் கழியைக் கட்டியிருக்கிறேன். பென்னாகரத்து அம்மாவின் கழிக்குக் கீழே நெருப்பு இருந்தது, என் கழிக்குப் பின்னால் காற்று இருக்கிறது. நேற்று இரவு களி கிண்டினேன். துடுப்பு குட்டையாகிவிட்டதால் சற்றுக் குனிந்துதான் கிண்ட வேண்டியிருந்தது. கட்டைவிரல் அதே குழியில்தான் உட்கார்ந்தது. சட்டியில் தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு எழுந்தபோது மாவு தானாகவே உரிந்து மிதந்தது. வழித்துக் கழுவிக் கழியில் செருகினேன். காலையில் தொட்டுப் பார்த்தேன், நுனி வரைக்கும் காய்ந்திருந்தது.